கோல் கம்பத்தில் மைத்துனர்

மைத்துனரைக் கோல் கம்பத்தடியிலிருந்து கிளப்பியே தீருவது என்று பூட்டுக்காரர் ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே முடிவு செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவை உரக்கச் சொல்ல முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். அடுத்த அறையில் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மைத்துனர் அவளுடைய ஒரே தம்பி.

பூட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு சாவிக்கடை. ஊரில் அவர் திறக்காத கதவு இல்லை. வீட்டில் அவர் திறக்காதது அவருடைய வாய் ஒன்றுதான். ஆனாலும் ஊர்க் கால்பந்து அணியின் தேர்வுக் குழுவில் அவருக்கு ஓர் இடம் உண்டு. அந்த அணி சந்தா கட்டும் ரசிகர்களே நடத்துவது. எந்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதை ரசிகர்கள் பொறுக்கியெடுத்த ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். தலைவர் பேக்கரி முதலாளி. அடுத்தவர் சலூன் வைத்திருக்கும் கத்திரி. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இன்னதென்று அவருக்கே யோசித்தால்தான் நினைவு வரும். மூன்றாவது ஒரு பஸ் டிரைவர். நான்காவது அவருடைய தம்பி. அண்ணன் சொன்னதை இன்னொரு தடவை சொல்வதற்காகவே குழுவில் இருப்பவர். ஐந்தாவது நம் பூட்டுக்காரர்.

இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முன்னொரு காலத்தில் ஓர் ஆட்டக்காரர், தன் சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுவதைப் பார்த்துத்தான் தான் நீக்கப்பட்டதைத் தெரிந்துகொண்டாராம். பெரிய ரகளை ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு. எவர் ஒருவரை நீக்கச் சொல்கிறாரோ, அவரே அந்த ஆட்டக்காரரின் வீட்டுக்குப் போக வேண்டும். உட்கார வேண்டும். கொடுத்ததைக் குடிக்க வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது.

அதன் பலன், பல வருஷமாக அணியிலிருந்து ஒருவரும் நீக்கப்படவில்லை. யார் போவது, யார் வாங்கிக் கட்டிக்கொள்வது. இடது பின்கள ஆட்டக்காரர் பேரன் எடுத்துவிட்டார். மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு போதாமல் பேக்கரியிலிருந்து இன்னொரு பெஞ்சு வந்தது. ஒரு தடவை எதிரணிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு ரசிகர்கள் மைதானத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நடுவரிடம் புகார் செய்தார்கள்.

இந்த வருஷம் அந்தச் சொகுசு இல்லை. புதிய பருவத்துக்கு ஓர் அணிக்கு இருபத்திரண்டு பேர்தான் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கையில் இருந்தது இருபத்து மூன்று. சனிக்கிழமை மாலைக்குள் பெயர்களைக் கொடுக்க வேண்டும். ஒருவர் போயே ஆக வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதில் பூட்டுக்காரருக்குச் சந்தேகமே இல்லை. பேச்சில் அவர் கூச்சக்காரர். பார்ப்பதில் பொல்லாதவர். பூட்டுக்குள் எந்த லீவர் ஏறவில்லை என்று காது வைத்துக் கண்டுபிடிக்கிற மனிதர், மைதானத்தையும் அப்படியே பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினார்கள். மூன்றும் ஒரே மூலை. கீப்பருக்கு இடது பக்கம், மேலே. மைத்துனர் மூன்று தடவையும் அழகாகப் பாய்ந்தார். பார்த்தவர்கள் கைகூடத் தட்டினார்கள். ஆனால் இடது கை மட்டும் தோளுக்கு மேலே போகவில்லை. பந்தை வழியனுப்பி வைப்பதுபோல் பாதியில் நின்றது. அதற்கு முந்தைய ஆட்டத்திலும் அப்படித்தான். அதற்கு முந்தையதிலும். இப்படியே போனால் அடுத்த வருஷம் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஏறுவது லேசல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தானாகவே பேச்சை எடுத்தாள்.

"என் தம்பி மாதிரி ஒரு கீப்பர் இந்தச் சுத்துவட்டாரத்துல கிடையாது. இன்னும் பத்து வருஷம் நிப்பான்."

"மூணு கோல் போச்சே" என்றார் பூட்டுக்காரர், தட்டைப் பார்த்து.

"பந்து உள்ள போனா பின்னாடி நிக்கிற ஒருத்தன் தப்பா, முன்னாடி நிக்கிற பத்துப் பேர் தப்பா?"

அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊர்க்காரர்களிடம் எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் விழுங்க வேண்டும், எதைப் பின்னால் விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். வீட்டிலும் அந்தக் குரல்தான். பேச்சை விழுங்குவது அவர் பங்கு.

ஆனால் உள்ளுக்குள் அவர் எதிர்க்கட்சி. மனைவி ஒன்றைச் சொன்னால் அதற்கு நேர் எதிரானதுதான் சரியாக இருக்கும் என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. கொஞ்ச நாளாகவே அவள் தம்பி புராணம் பாடிக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு பாட்டு, மாலையில் ஒரு பாட்டு. அவன் நிற்கிற நிலை என்ன, அவன் பந்தைப் பிடிக்கிற பிடி என்ன. ஒவ்வொரு பாட்டுக்கும் பூட்டுக்காரருக்குள் ஒரு திருகாணி இறுகியது. திங்கட்கிழமை காலை அது மரையோடு கழன்று வந்தது.

சரி, முடிவு செய்தாகிவிட்டது. சொல்வது யார்? அவரே சொன்னால் அவரே போய் மைத்துனரிடம் சொல்ல வேண்டும். பிறகு வீடு திரும்ப வேண்டும். அதுதான் பயங்கரம். ஒரு தடவை, தம்பி புதிதாக வாங்கிய சோபாவைப் பார்த்து "கொஞ்சம் தாழ்வா இருக்கு" என்று சொல்லிவிட்டார். மழைக்காலம் முழுவதும் மனைவி அவரிடம் நேராகப் பேசவில்லை. குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துப் பேசினாள். "பால் உள்ள இருக்கு, வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்." ஒரு சோபாவுக்கே இந்தக் கதி என்றால், தம்பியையே தூக்கினால்?

ஆகவே வேறொருவர் சொல்ல வேண்டும். பூட்டுக்காரர் அதை எதிர்த்து நாலு வார்த்தை பேச வேண்டும். பேசித் தோற்க வேண்டும். வீட்டுக்கு வந்து, "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், ஒருத்தனும் கேக்கல" என்று பெருமூச்சு விட வேண்டும். இதைவிடக் கச்சிதமான திட்டம் உலகத்தில் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை கத்திரியின் சலூனில் போய் உட்கார்ந்தார். கழுத்தில் சவரக் கத்தி இருக்கும்போது விஷயத்தைச் சொன்னார். அது நல்ல நேரமில்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. கத்தி நின்றுவிட்டது.

"உங்க மச்சானையா?" என்றார் கத்திரி.

"கத்தியை எடுத்துட்டுப் பேசு."

கத்திரி எடுத்தார். தனக்கும் அதே அபிப்பிராயம்தான் என்றார். பேக்கரி முதலாளிக்கும் அதே அபிப்பிராயம்தான், டிரைவருக்கும் அதேதான், டிரைவருடைய தம்பியைக் கேட்கவே வேண்டாம் என்றார். பூட்டுக்காரர் முகத்துக்காகத்தான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களாம். கடைசியில், சலூனின் இரும்புக் கதவு பாதியில் சிக்கிக்கொள்வதைச் சரிசெய்து கொடுத்தால் தானே நீக்கச் சொல்வதாக ஒத்துக்கொண்டார். பூட்டுக்காரர் அன்று மாலையே எண்ணெயும் சுத்தியலுமாகப் போய் அந்தக் கதவோடு மல்லுக்கட்டினார். கதவு வெண்ணெயாக இறங்கியது. மனமும்.

புதன்கிழமை மனைவி ஒரு செய்தியோடு வந்தாள். பேக்கரியில் அடுப்புக் கட்டும் வேலை நடப்பதால் குழு கூட இடமில்லையாம். ரொட்டி வாங்கப் போனபோது தலைவர் புலம்பினாராம். அதற்கென்ன, எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாளாம்.

"இங்கயா?" என்றார் பூட்டுக்காரர். குரல் சாவித்துவாரம் வழியாக வந்தது போலிருந்தது.

"ஏன், நம்ம வீட்டுல நாற்காலி இல்லையா?"

"உனக்குத்தான் வேலை இருக்குமே."

"வியாழக்கிழமை நான் சீக்கிரம் வந்துடறேன். டீ போட ஆள் வேணாமா?"

வியாழக்கிழமை மாலை ஐந்து பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். சமையலறைக் கதவு ஒரு கையளவு திறந்திருந்தது. மூட வேண்டும்போல் பூட்டுக்காரருக்குக் கை பரபரத்தது. எழுந்து மூடினால் சந்தேகம் வரும். மூடாவிட்டால் எல்லாம் கேட்கும். அந்த ஒரு கையளவு இடைவெளியைப் போல் பெரிய திறப்பை அவர் தொழில் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

பேச்சு வலது ஓரத்திலிருந்து தொடங்கியது. வலது ஓரம் ஓடுகிறவன் பந்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறான், பந்து வருவதற்குள் திரும்பியும் விடுகிறான் என்றார் டிரைவர். திரும்பிவிடுகிறான் என்றார் அவர் தம்பி. ஆனாலும் வேகம் வேகம்தான், இருக்கட்டும். நடுக்களத்துப் பெரியவன் பந்தைத் தொடுவதில்லை, ஆனால் நன்றாகக் கத்துகிறான். கத்துவதற்கும் ஓர் ஆள் வேண்டும், இருக்கட்டும். பேரன் எடுத்த பின்கள ஆட்டக்காரரை எடுக்கலாமா என்றால், அவர் தலைவருக்குச் சம்பந்தி. தலைவர் இருமினார். இருக்கட்டும். இப்படியே இருபத்திரண்டு பேரும் இருக்கட்டும் ஆகிவிட்டார்கள். மிச்சம் ஒருவர். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்கள்.

கத்திரி தொண்டையைக் கனைத்தார்.

"கோல்கீப்பர் விஷயத்துல..."

சமையலறைக் கதவு முழுதாகத் திறந்தது. மனைவி தட்டில் டீயோடு வந்தாள். முதல் கோப்பையைக் கத்திரியின் முன்னால் வைத்தாள்.

"சர்க்கரை பாத்துச் சொல்லுங்க. நாளைக்குக் காலைல என் தம்பி உங்க கடைக்குத்தான் வர்றான். முடி ரொம்ப வளந்துடுச்சாம். ஏதோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க."

கத்திரி டீயைக் குடித்தார். அது கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது.

"கோல்கீப்பர்னா நம்ம கீப்பர்தான். நமக்குக் கிடைச்ச சொத்து" என்றார்.

பூட்டுக்காரர் அவரை முறைத்தார். கத்திரி அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஏறிய வேகத்தில் இறங்க முடியாமல் பேசிக்கொண்டே போனார். அந்தப் பாய்ச்சல் யாருக்கு வரும், அந்தக் கண் யாருக்கு உண்டு, அவரைத் துணைக் கேப்டனாகக்கூட ஆக்கலாம். டிரைவர் ஆக்கலாம் என்றார். அவர் தம்பியும் ஆக்கலாம் என்றார். தலைவர் பேனாவை எடுத்தார். மனைவி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

"நாலு பேர் இவ்வளவு நல்லதாச் சொல்றாங்க. வீட்டு மனுஷர் ஒருத்தர்தான் வாயே திறக்கல. அவன் கைக்கு வராத பந்து உண்டான்னு நீங்களே சொல்லுங்களேன்."

பூட்டுக்காரருக்குக் காதுக்குள் இரைந்தது. துணைக் கேப்டன். தோளுக்கு மேல் கை ஏறாத ஒருவர் துணைக் கேப்டன். பயமும் இருந்தது. குளிர்பதனப் பெட்டியும் கண் முன்னால் வந்தது. ஆனால் தப்பான பூட்டுக்குத் தப்பான சாவியை யாராவது சொருகித் திருகினால் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தெருவில் போகிறவர் என்றாலும் பிடுங்கிவிடுவார். இப்போதும் கை தானாகப் போய்விட்டது. அதாவது வாய்.

"உண்டு" என்றார்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இடது பக்கம், மேல. அவன் கை தோளுக்கு மேல போகல. இந்த வருஷம் பூரா போகல. நீங்க எல்லாரும் பாய்ச்சலைப் பாக்கறீங்க, நான் கையைப் பாக்கறேன். அடுத்த வருஷம் எதிராளிங்களும் பாத்துருவாங்க. கீழ்ப் பிரிவுக்குப் போறதுன்னா அவனை வெச்சுக்குங்க. இல்லேன்னா எடுத்துடணும். நான்தான் சொல்றேன். நானே போய்ச் சொல்றேன்."

இவ்வளவு நீளமாக அவர் கல்யாணத்துக்குப் பிறகு பேசியதில்லை. சொல்லி முடித்ததும் இது தன் குரல்தானா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். தலைவர் ஓட்டுக்கு விட்டார். மற்ற நால்வர் கைகளும் நாலு திசையிலிருந்து மேலே போயின. கத்திரி இரண்டு கையையும் தூக்கியிருந்தார். மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். பூட்டுக்காரர் வாயே வைக்காத கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கரண்டிதான் பேசியது. வெள்ளிக்கிழமை காலை அவர் எதையோ கேட்டார். "அது அலமாரியில இருக்கு" என்று மனைவி அலமாரியிடம் சொன்னாள். பூட்டுக்காரர் கடைக்குப் போய், சாவி கேட்டு வந்தவருக்குப் பூட்டையும், பூட்டு கேட்டு வந்தவருக்குச் சாவியையும் கொடுத்தார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு மைத்துனர் வீட்டுக்கு நடந்தார். கால்கள் முன்னால் போயின. அவர் பின்னால் போனார்.

மைத்துனர் கதவைத் திறந்தார். வாங்க மாமா என்றார். முடி வெட்டி, புது ஆள்போல் இருந்தார். அந்தத் தாழ்வான சோபாவில் உட்காரச் சொன்னார். பூட்டுக்காரர் உட்காரவில்லை. கதவின் தாழ்ப்பாள் ஆடுகிறது, யாராவது தள்ளினால் வந்துவிடும் என்றார். பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். தாழ்ப்பாளைக் கழற்றினார், மாட்டினார். பிறகு கீலுக்கு எண்ணெய் விட்டார். பிறகு ஜன்னல் கொக்கியைப் பார்த்தார். அந்த வீட்டில் திருகுவதற்கு இனி ஒன்றுமில்லை என்றானதும் திருப்புளியைப் பையில் போட்டார்.

"மாப்ள, உன் பேரை எடுத்தாச்சு. எடுத்தது நான்."

மைத்துனர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரத்துல உக்காந்து பாத்தா தெரியுதா மாமா?"

"எனக்குத் தெரிஞ்சுது."

"வேற யாருக்கும்?"

"அவங்க பாய்ச்சலைத்தான் பாக்கறாங்க. பாய்ச்சல்ல ஒரு குறையும் இல்ல."

மைத்துனர் தலையை ஆட்டினார். கத்திரியோ மற்றவரோ வந்து சொல்லியிருந்தால் அடுத்த நாளே ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியில் போய்ச் சேர்ந்து, கை கழன்று விழுகிறவரை நின்று காட்டியிருப்பேன் என்றார். மாமா பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. கோல் வாங்கிய கீப்பரை இத்தனை நெருக்கத்தில் பூட்டுக்காரர் பார்த்ததில்லை.

வழியனுப்ப வாசல்வரை வந்தது மைத்துனரின் மனைவி. தெருவிளக்கடியில் நின்று, உள்ளே கேட்காத குரலில் பேசினாள்.

"அண்ணா, நீங்க நல்லா இருக்கணும். இனிமே பந்து பிடிச்சா கையே தூக்க வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இவர் கேக்கல. அண்ணி வந்து அழுதே பாத்தாங்க. டீமை விட்டு அவங்களா எடுத்தா விட்டுடறேன், நானா விட மாட்டேன்னுட்டார். அப்புறம்தான் அண்ணி சொன்னாங்க, இனிமே நான் வீட்டுல இவனைப் புகழ்ந்துக்கிட்டே இருக்கேன், மிச்சத்தை உங்க அண்ணன் பாத்துப்பாருன்னு. சொன்ன மாதிரியே ஆச்சு."

பூட்டுக்காரர் வீட்டுக்கு எப்படி வந்தார் என்பது அவருக்கே தெரியாது. வழியில் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. தம்பி புராணம். ரொட்டி வாங்கப் போனது. ஒரு கையளவு திறந்த கதவு. கொதிக்கக் கொதிக்க டீ. இடது பக்கத்துப் பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தவர், தன்னை எண்ணிக்கொண்டிருந்தவளைக் கவனிக்கவில்லை.

மனைவி சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அலமாரியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சரின்னான்." பூட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்பட வேண்டும் என்று முயன்றார். வரவில்லை. "இவ்வளவு சுத்துவானேன். தோள் இப்படி இருக்கு, எடுத்துடுங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அவனை நீங்க கேப்டன் ஆக்கியிருப்பீங்க."

அவர் மறுக்க வாயைத் திறந்தார். யோசித்தார். மூடிக்கொண்டார். ஆக்கித்தான் இருப்பார்.

மனைவி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பிக்கு இனி தோள் பிழைத்துவிடும் என்றாள். பிறகு, எதையோ சாதாரணமாக நினைவு வந்ததுபோல், மருந்துக் கடைக் குரலில் கேட்டாள்.

"மிச்சம் இருக்கிற ரெண்டு கீப்பர்ல யாரை நிறுத்தப் போறீங்க?"

"நாளைக்குப் பேசணும்."

"அந்த உயரமான பையனையே போடுங்க. அவன்தான் சரியா இருப்பான்."

பூட்டுக்காரரின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. உயரமானவனைத்தான் அவரும் நினைத்து வைத்திருந்தார். இப்போது அவனைப் போட்டால் அது அவள் சொன்னது. குட்டையானவனைப் போட்டால், அதற்காகத்தான் அவள் உயரமானவனைச் சொன்னாளோ என்னவோ. இல்லை, அப்படி அவர் நினைப்பார் என்று தெரிந்தே சொன்னாளோ.

மறுநாள் குழு மறுபடி கூடியது. உயரமானவனா, குட்டையானவனா என்று தலைவர் கேட்டார். நால்வரும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து நின்று பூட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். எதைத் தூக்கினாலும் அது அவள் கைதான்.